ஒரே பந்தியில் உட்கார வைத்த பேராயர்



போன மாதம் செகிஞ்சானுக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் சங்கக் கூட்டம் முடிந்து சாப்பாடு போட்டார்கள். நம்ம ஆளுங்க வரிசையாக உட்கார்ந்தாங்க. வங்காளதேசத்துத் தொழிலாளிங்க தட்டை எடுத்துக்கிட்டுப் போய்ச் செம்பனை மரத்தடியில் உட்கார்ந்தாங்க. யாரும் அவர்களை விரட்டவில்லை; யாரும் கூப்பிடவும் இல்லை. அந்த நேரத்தில் நமக்கு நினைவுக்கு வந்தவர் பேராயர் அசரியா. அவர் கிறிஸ்தவர், நாம் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவங்க என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவர் கதையில் நமக்கும் பாடம் உண்டு.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்டு 17-இல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா கிராமத்துப் போதகர். அவர்கள் நாடார் சமூகம். பனையேறிப் பிழைத்த அந்தச் சமூகத்தைக் கோயில் வாசலிலேயே நிறுத்தி வைத்த காலம் அது. மாதா கோயிலுக்குள் போனால் மட்டும் சாதி போய்விட்டதா? இல்லை. ஒரே ஏசுவைக் கும்பிட்டவர்களே சாதி பார்த்து உட்கார்ந்தார்கள். பையன் அசரியா பள்ளிக்கூடத்திலேயே கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, மாணவர்களுக்குள் சாதி பேதம் கூடாதென்று பாடுபட்டார்.

பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். ஒய்.எம்.சி.ஏ. வேலையில் ஊர் ஊராகச் சுற்றினார். வெள்ளைக்காரன் பணத்தையே நம்பி இருந்தால் நாம் எந்தக் காலத்தில் நிமிர்வது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1903-இல் திருநெல்வேலி மக்களே தங்கள் காசு போட்டு நடத்தும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கக் காரணமாக இருந்தார். அந்தச் சங்கம் நைஜாம் சீமையில் தோர்ணக்கல் என்ற இடத்தை ஊழியத்துக்குத் தேர்ந்தெடுத்தது. ஆளை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. 1909-இல் நல்ல வேலையை உதறிவிட்டுத் தானே புறப்பட்டார். தமிழர், தெலுங்கு படித்துத் தெலுங்கு மக்களோடு மக்களானார்.

1910-இல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியாக்காரர்கள் மிகச் சிலரே. அங்கே எழுந்து நின்று அசரியா துணிந்து பேசினார். வெள்ளைக்காரப் பாதிரிமார்களின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் கூட வேலை செய்கிற இந்தியரைத் தன் வீட்டு மேசைக்குக் கூப்பிடாதவரின் தர்மம் எங்களுக்குப் போதாது, எங்களுக்கு வேண்டியது சிநேகிதம் என்ற கருத்தைப் போட்டு உடைத்தார். சிலருக்குக் கோபம் வந்தது. துரை பங்களா வாசலில் தொப்பியைக் கையில் பிடித்து நின்ற நம் தாத்தாமார்கள் பரம்பரைக்கு அந்தக் கோபமும் புரியும், அந்தப் பேச்சும் புரியும்.

1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் அவருக்குப் பேராயர் பட்டம் கிடைத்தது. ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். கறுப்பர் ஒருவர் வெள்ளையர் மேல் அதிகாரம் செய்வதா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். சொந்தச் சீமையில் சாதியை நினைத்து முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள்.

தோர்ணக்கல்லில் அவரைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற இரண்டு தாழ்த்தப்பட்ட சாதி மக்கள். ஊர் இரண்டு பேரையும் ஒதுக்கியது. இவர்களோ ஒருவரை ஒருவர் ஒதுக்கினார்கள். ஒரு வீட்டுச் சோறு இன்னொரு வீட்டுக்கு ஆகாது. மிதிபட்டவனும் தனக்குக் கீழே ஒருவனைத் தேடுகிறான் பாருங்கள், அதுதான் இந்த நோயின் கொடுமை! அவர்களை ஒரே சபையில், ஒரே திருவிருந்தில் சேர்ப்பதையே அசரியா வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 1939-இல் எழுந்த தோர்ணக்கல் பேராலயத்தில் கோயில் தூணும் உண்டு, மசூதிக் கும்மட்டமும் உண்டு.

மக்களுக்குள் மட்டுமா பிளவு? சபைகளும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் என்று பிரிந்து கிடந்தன. அதெல்லாம் சீமையில் எப்போதோ மூண்ட சண்டை. அதை நம் குப்பனும் சுப்பனும் ஏன் சுமக்க வேண்டும்? 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 போதகர்கள் கூடினார்கள். இரண்டு பேரைத் தவிர அத்தனை பேரும் இந்தியர். ஒன்றாவோம் என்று அங்கே அறிக்கை விட்டார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் அசரியா.

அறிக்கை விடுவது சுலபம். பேராயர் கை வைத்து அபிஷேகம் செய்யாத போதகரைச் சமமாக ஏற்பதா என்ற கேள்வியில் பேச்சு வருடக்கணக்காக இழுத்தது. கடைசியில் வழி பிறந்தது. சேருகிற நாளில் இருக்கிற போதகர்கள் எல்லாரும் சமம். இனி வருகிறவர்களுக்குப் பேராயர் அபிஷேகம் செய்வார். யாரும் தலை குனிந்து உள்ளே வர வேண்டியதில்லை. 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. சுமார் பத்து லட்சம் பேர் ஒரே சபையானார்கள். பாடுபட்ட அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1-ஆம் தேதியே கண்ணை மூடிவிட்டார்.

சபைக்குள் சாதி இன்றும் செத்துவிடவில்லை, அது உண்மை. ஆனாலும் அவர் போட்ட பந்தி கலையவில்லை. நமக்கும் இது புதுக்கதை அல்ல. தனித்தனியாகக் கிடந்த தோட்டச் சங்கங்கள் 1954-இல் ஒன்றாகி, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அன்றும் யார் பெரியவர் என்ற பேச்சை ஒதுக்கி வைத்தால்தான் ஒன்றாக முடிந்தது.

இன்று லயத்தில் நமக்குப் பக்கத்து வீட்டில் வங்காளதேசி, இந்தோனேசியர், நேப்பாளி இருக்கிறார்கள். அவர்களால்தான் சம்பளம் ஏறவில்லை என்று நம்மில் சிலர் பேசுகிறோம். ஒரு காலத்தில் கப்பலேறி வந்த நம்மையும் இப்படித்தான் பேசினார்கள். ஆளைப் பிரித்து வைத்தால் யாருக்கு லாபம்? யோசியுங்கள்.

அடுத்த கூட்டத்தில் மரத்தடியில் தனியாக உட்காருகிறவரைக் கைகாட்டிக் கூப்பிடுங்கள். பாஷை தெரியாவிட்டால் பரவாயில்லை. நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டால் போதும், அவருக்குப் புரியும்.