மெரினாவுக்குப் பேர் வச்ச கவர்னர்

கள்ளக்குறிச்சியில இருந்து சென்னைக்கு பஸ் ஏறுற எல்லாரும் ஒரு தடவையாவது மெரினாவுக்குப் போயிருப்பீங்க. அந்தக் கடற்கரைக்குப் பேர் வச்சவரைத் தெரியுமா? மவுண்ட்ஸ்டுவர்ட் எல்ஃபின்ஸ்டன் கிராண்ட் டஃப்.

1829-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். மராத்தியர் வரலாற்றை எழுதிய அவரோட அப்பா, பம்பாய் கவர்னர் எல்ஃபின்ஸ்டனோட பேரையே மகனுக்கு வச்சார். ஆக்ஸ்ஃபோர்டில் படிச்ச மகன், 1857-இல் இருந்து 24 வருஷம் எம்.பி. 1881 நவம்பரில் மெட்ராஸ் கவர்னரா வந்து இறங்கினார்.

அப்போ மெட்ராஸ்ல துறைமுகம் கட்டிக்கிட்டிருந்தாங்க. அதே மாசம் அடிச்ச புயல்ல அதோட கல் சுவர்கள் உடைஞ்சது. ஆனாலும் வேலை தொடர்ந்தது. இனி வர்றது சிவில் பசங்களுக்குப் பிடிச்ச பகுதி. இந்தக் கரையில ஒரு வருஷக் கணக்குப் பார்த்தா, அலை மணலைத் தெற்கே இருந்து வடக்கேதான் தள்ளுது. குறுக்கே சுவர் வந்தா? நம்ம கோமுகி அணைக்குப் பின்னால வண்டல் தேங்குற கதைதான். துறைமுகத்துக்குத் தெற்கே மணல் குவிஞ்சு கரை அகலமாச்சு. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரத்து நின்னு, கடல் கரையை அரிச்சது.

தெற்கே இருந்த கரையை ஒட்டி 1884-இல் நடைபாதை போட்டார் கிராண்ட் டஃப். இத்தாலியில பார்த்த கடற்கரை ஞாபகத்துல மெரினான்னு பேர் வச்சார். ஆனா ஊருக்குள்ள அவருக்கு நல்ல பேர் இல்லை. செங்கல்பட்டு விவசாயிகள் வழக்கில் 'தி இந்து' அவரைக் கடுமையா எதிர்த்தது. 1886-இல் ஊர் திரும்பினார், 1906-இல் இறந்தார்.

அந்தக் கரை காலி இடம் இல்லை. நடைபாதை வர்றதுக்கு 24 வருஷம் முன்னாடியே, 1860-இல், சிங்காரவேலர் பிறந்தது அங்கே இருக்கிற அயோத்தியாகுப்பத்துல. அவர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. கடற்கரையை அழகாக்குற பேச்சு வரும்போதெல்லாம் குப்பத்து மக்களை என்ன செய்யறதுங்கிற சண்டையும் கூடவே வருது. வெள்ளைக்கார கவர்னரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கல. ஆனா 1985-இல் மீனவர்களோட படகுகளையும் வலைகளையும் மெரினாவுல இருந்து அகற்றப் பார்த்தது நாம ஓட்டுப் போட்ட அரசு. போராட்டம் துப்பாக்கிச் சூட்டுல முடிஞ்சது. 2023-இல் லூப் ரோடு மீன் கடைகளை எடுக்கச் சொன்னப்பவும் மீனவர்கள் ரோட்டுல உட்கார்ந்தாங்க.

கல்வராயன் மலையில பிறந்து நம்ம ஊர் வழியா ஓடுற கோமுகியும் கடைசியில கடலுக்குத்தான் போகுது. நாளைக்கு அதோட கரையை அழகாக்க ஒரு திட்டம் வந்தா, டிராயிங் போடப்போறது உங்கள்ல ஒருத்தரா இருக்கலாம். மணல் எங்கே சேரும், எங்கே குறையும், அங்கே ஏற்கெனவே யார் பிழைக்கிறாங்க, இதையெல்லாம் முதல்ல அந்த டிராயிங்குல குறிச்சிடுங்க. பேர் அப்புறமா வச்சுக்கலாம்.