கர்னல் பென்னிகுயிக் சரித்திரச் சுருக்கம்

பெருங்காரியங்களைத் தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர். முடித்தோருள்ளும், தாம் வகுத்த வழி பயன்படாதெனக் கண்டவிடத்து நாணாது அதனைத் திருத்திக்கொண்டே சென்று முடித்தோர் மிகச் சிலராவர். அச்சிலருள் ஒருவராகிய கர்னல் ஜான் பென்னிகுயிக் என்பாரின் ஜீவிய சரித்திரத்தை நம் மாணவர்க்குச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமைகளிலே பிறந்தோர்க்குத் தண்ணீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திருச்சுழியை அடுத்தோடும் குண்டாறு மழைக்காலத்திற் சில தினங்கள் பெருகி, மற்றைய நாட்களில் மணலாய்க் கிடப்பது. கரிசல் நிலத்தில் விளையும் பருத்தியும், கம்பும், சோளமும், மல்லியும் வானத்தையே நோக்கி வளர்வன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், தென்னாட்டுக் குடிகள் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. அதே வேளையில், மேற்கு மலையிற் பிறக்கும் பெரியாறு, வற்றாத வெள்ளத்தோடு மேல்கடலிற் சென்று வீணே கலந்துகொண்டிருந்தது.

அந்நீரைக் கிழக்கே திருப்பலாமென்னும் எண்ணம் ஆங்கிலேயருக்கு முன்னரே நம்மவர்க்கு உதித்தது. 1789-ஆம் ஆண்டளவில் இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானியாகிய முத்திருளப்ப பிள்ளை இதனைக் கருதி ஆராயச் செய்தார். பொருள் போதாமையால் அவ்வெண்ணம் நின்றது. 1808-இல் காப்டன் கால்ட்வெல் மலையைப் பார்வையிட்டு, இது ஆகாத காரியமெனத் தீர்ப்புக் கூறினார். 1850-இல் ஒரு சிறு அணை தொடங்கப்பட்டு, காய்ச்சலுக்கு அஞ்சிக் கைவிடப்பட்டது. பின்னர் ரைவ்ஸ் என்னும் இன்ஜினீயர் பெரியதோர் மண்ணணைக்குத் திட்டம் வகுத்தார். அதுவும் கடிதத்தளவில் நின்றது.

இங்ஙனம் பலர் கைவிட்ட பணியை ஏற்றவரே பென்னிகுயிக். இவர் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி பூனா நகரிற் பிறந்தார். எட்டு வயது நிறையாத முன்னரே, 1849-இல் நிகழ்ந்த சில்லியன்வாலாப் போரில் தந்தையையும் தமையனையும் ஒருங்கே இழந்தார். இங்கிலாந்தில் அடிஸ்கோம் இராணுவக் கல்லூரியிற் பயின்று, சென்னை இன்ஜினீயர் படையிற் சேர்ந்து, 1860-இல் இந்தியா வந்தார்.

பஞ்சத்திற்குப்பின், 1882-இல், பெரியாற்றுத் திட்டத்தைப் புதிதாக ஆராயும் பொறுப்பு இவரிடம் வந்தது. முன்னோர் திட்டத்தை இவர் இகழவுமில்லை, அப்படியே ஏற்கவுமில்லை. மண்ணணையை விடுத்து, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காறையாலும் கருங்கல்லாலும், தன் பாரத்தாலேயே நீரைத் தாங்கி நிற்கும் அணையொன்றை வகுத்தார். நீர் கிழக்கே செல்ல மலையைக் குடைந்து சுரங்கம் அமைப்பதெனவும் முடிவாயிற்று. 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1887-இல் வேலை தொடங்கிற்று.

தொடங்கிய பின்னரே உண்மையான சோதனை வந்தது. இடமோ யானையும் புலியும் திரியும் அடர்வனம், மழையோ அளவற்றது, மலைக்காய்ச்சலோ ஆட்களை ஈவின்றி வாரிற்று. ஆற்றை ஒதுக்க எழுப்பிய தற்காலிக அணைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. பல மாதத்துப் பிரயாசை ஓரிரவில் அழிந்துபோவதைக் கண்டவர்க்கு மனம் சோர்வது இயல்பே. பென்னிகுயிக் சோர்ந்திலர். வெள்ளம் எவ்விடத்தே உடைத்தது, ஏன் உடைத்தது என்று ஆராய்ந்து, அடுத்த பருவத்து வேலையை அதற்கேற்ப மாற்றினார். காய்ச்சல் மிகும் மாதங்களில் வேலையை நிறுத்தினார். ஆறு வற்றும் நாட்களில் அதனை விரைவுபடுத்தினார். வண்டிப்பாதையால் மட்டும் சாமான் வந்து சேராதெனக் கண்டு, இரும்புக் கயிற்றுப் பாதையும் படகுப் போக்குவரத்தும் அமைக்கப்பட்டன. சென்னைப் பயனீர் படையினரும், கொச்சியிலிருந்து வந்த தச்சரும், கம்பம் பள்ளத்தாக்குக் கூலியாட்களும் தோளோடு தோள் நின்று உழைத்தனர். அவர்களில் நானூற்றுக்கும் மேற்பட்டோர் நோயால் மாண்டு அம்மலையிலேயே அடக்கமாயினர். அணையைப் புகழ்வோர் அவர்களை மறத்தல் நன்றியாகாது.

சர்க்கார் பணம் தர மறுத்தபோது, இவர் தம் சொத்துக்களையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தாரென்று தேனி, மதுரை ஜில்லா ஜனங்கள் அன்போடு சொல்லிவருகின்றனர். அது செவிவழிச் செய்தியே. அதனைச் சேர்த்துரைத்தால்தான் இவர் பெருமை விளங்குமென்பதில்லை. பிறர் பணத்தைக் கொண்டு செய்யும் பொதுக் காரியத்தில், ஒவ்வோர் இழப்புக்கும் காரணம் கண்டு, மறுமுறை அவ்விழப்பு நேராமற் காத்தலே தலைவனுக்கு உரிய தியாகமென்று நாம் கருதுகின்றோம்.

1895-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். பெரியாற்று நீர் மலையைத் துளைத்து வைகையிற் சேர்ந்தது; ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட ஏக்கர் நிலம் பாசனம் பெற்றது. பென்னிகுயிக் பின்னர் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் இன்ஜினீயரிங் கல்லூரியின் தலைவராயிருந்து, 1911-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் தேதி காலமானார். கூடலூரை அடுத்த லோயர் காம்பில் 2013-இல் அவர்க்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாள் தைப்பொங்கலை ஒட்டி வருவதால், அப்பக்கத்துக் குடியானவர்கள் அவர் பேரால் பொங்கலிடுகின்றனர்.

அணை கட்டியதோடு வேலை முடிந்ததென்று எண்ணுதலும் பிழையாம். பிற்காலத்தார் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பு செலுத்தியும், 1979-க்குப்பின் மேல்முகட்டிற் காங்கிரீட்டுப் பாரமேற்றியும், எஃகு வடங்களாற் பிணித்தும், பின்புறத்தே முட்டுக் கொடுத்தும் அதனை வலுப்படுத்தினர். அணையைப் பற்றித் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எழுந்த வழக்கில், 142 அடிவரை நீர் தேக்கலாமென 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒரு தலைமுறை கட்டியதை அடுத்த தலைமுறை திருத்திக் காவாவிடில், எக்கட்டடமும் நில்லாது.

இனி, நம் சீமைக்கு இதனால் யாது பயனென வினவுவார் உளர். பெரியாற்று நீர் மதுரை, மேலூர் வயல்களை நனைத்ததேயன்றி, அருப்புக்கோட்டைக் கரிசலை எட்டவில்லை. காவிரியையும் வைகையையும் குண்டாற்றோடு இணைக்கும் திட்டத்திற்கு 2021-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்நீர் வருங்காலத்து வருக. அதுகாறும் நம் கையிலிருப்பன கண்மாய்களே. மேற்கண்மாய் நிரம்பினால் மிகுநீர் கலுங்கு வழியாகக் கீழ்க்கண்மாய்க்கு இறங்குமாறு நம் முன்னோர் அவற்றைத் தொடுத்து வைத்தனர். அத்தொடரில் ஒரு வரத்துக்கால் தூர்ந்தாலும் கீழுள்ள ஊர்களெல்லாம் வறளும். கரையை ஆண்டுதோறும் பார்வையிடுதல், மடையைப் பழுதுபார்த்தல், சென்ற மழையில் உடைந்த இடம் ஏன் உடைந்ததெனக் குறித்துவைத்தல் ஆகிய இவை சிறிய வேலைகளாகத் தோன்றும். ஆயினும் பென்னிகுயிக் மலைமேற் செய்ததும் இவ்வேலையே.

நம் மாணவரிற் சிலர் இன்ஜினீயராவர், சிலர் உபாத்தியாயராவர், சிலர் தம் கிராமத்துக் காரியங்களை நடத்துவர். எப்பணியை ஏற்பினும், வெள்ளம் கொண்டுபோன கரையை நோக்கி அழாமல், வெள்ளம் வந்த வழியை நோக்கி ஆராயும் மனத்தை எல்லாம்வல்ல இறைவன் அவர்க்கு அருளுவாராக.