வீரமாமுனிவரும் ஆசிரியரின்றிக் கற்கும் நெறியும்

ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரையில் ஏரிப்பாய்ச்சலும் நஞ்சையுமாயிருந்த நிலம் இந்நாளில் தொழிற்சாலை மயமாயிருத்தலை நம் அன்பர் யாவரும் அறிவர். பிள்ளைப்பாக்கத்திலும் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துவிட்டது. இதன் பயனாக நம்மவர் மக்கள் இருபது வயதிற்குள்ளாகவே சம்பளம் பெறுகின்றனர். அது மகிழத்தக்கதே. ஆயினும் பள்ளியை விட்ட அன்றே புத்தகத்தையும் விட்டுவிடுகின்றனரே என்று நினைக்குங்கால் நமக்குக் கவலை உண்டாகின்றது. இயந்திரங்களோ சில ஆண்டுகளுக்கொருமுறை மாறுகின்றன. புதியதைத் தானே கற்கும் வழக்கமில்லாதவன் அப்போது என் செய்வான்?

நம் சிறாருட் பலர் கத்தோலிக்கப் பள்ளிகளிற் பயில்கின்றனர். ஆதலின் அச்சமயத்திலே தோன்றி, பிறர் ஆயுள் முழுதும் கற்பதற்குரிய கருவிகளைச் செய்துவைத்த பெரியார் ஒருவர் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் வீரமாமுனிவர்.

இத்தாலி தேசத்தில் மாந்துவா நகரை அடுத்த கஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் வருஷம் நவம்பர் மாதம் 8ஆம் தேதி பிறந்த இவருக்குக் கொன்ஸ்தந்தீனுஸ் யோசேப்பு பெஸ்கி என்பது பெயர். 1698இல் இயேசு சபையிற் சேர்ந்தார். 1710இல் கோவா துறையில் வந்திறங்கி, மறு வருஷத்தில் தமிழ்நாட்டை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பது. பிறர் கற்றது போதுமென்று அமர்ந்துவிடும் வயதில் இவர் அரிச்சுவடியைக் கையிலெடுத்தார். அங்ஙனந் தொடங்கியவரே பிற்காலத்தில் 3 காண்டமும் 36 படலமும் 3615 பாட்டும் உடைய தேம்பாவணியைப் பாடினார் என்றால், அவர்தம் உழைப்பை நாம் கூறவும் வேண்டுமோ? இவர் சந்தா சாகிபிடம் திவானாயிருந்தார் என்றொரு கதையும் வழங்குகின்றது. ஆராய்ச்சியாளர் அதனை ஐயுறுகின்றனராதலின் நாமும் அதனை விடுத்து மேற்செல்வோம்.

கொள்ளிடத்தின் வடகரைப் பக்கமுள்ள ஏலாக்குறிச்சியில் இவர் நெடுங்காலம் வாழ்ந்தார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டவரும் இவரே. அக்காலத்தில் கத்தோலிக்கக் குருமார் மிகச் சிலர். அவர் சுற்றிவரவேண்டிய ஊர்களோ மிகப் பல. ஆகவே ஊர்தோறும் இருந்து பிள்ளைகளுக்கு ஜெபமும் ஞானோபதேசமும் கற்பித்தவர் உபதேசியாரே. இவர்களை வேதியர் என வழங்கினர். குருவானவர் எப்போதோ ஒருமுறை வருவார். மற்றை நாளெல்லாம் வேதியர் தாமே கற்றுத் தாமே தெளிதல் வேண்டும். கற்பிப்போன் கற்பதை நிறுத்தினால் அவனிடம் பயிலும் பிள்ளைகளின் கல்வியும் அன்றோடு நின்றுவிடுமன்றோ? இந்நிலையை நன்கறிந்த முனிவர் அவர்கள் பொருட்டு வேதியர் ஒழுக்கம் என்னும் வசன நூலை இயற்றினார்.

இனி அவர் செய்த சதுரகராதியைப் பற்றிச் சற்று விரித்துரைப்போம். முன்னாளிற் சொற்பொருள் அறிய விரும்புவோன் திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி முதலிய நிகண்டுகளை நெட்டுருப் பண்ணவேண்டும். அவை செய்யுளாயிருந்தன. மனனஞ் செய்தவனுக்கன்றி ஏனையோர்க்கு அவை பயன்படுதல் அரிது. இரேவண சித்தர் 1594இல் முதலெழுத்து முறையாக அகராதி நிகண்டு செய்தாராயினும் அதுவும் செய்யுளே. வீரமாமுனிவர் 1732இல் சொற்களை அகரவரிசையில் நிறுத்தி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுப்பாகச் செய்தார். பெயரகராதியில் ஒரு சொல்லுக்குரிய பொருள்களைக் காணலாம். பொருளகராதியில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைக் காணலாம். மூன்றாவது, தொகையாய் எண்ணி வழங்கும் பொருள்களை விரிக்கும். நான்காவது செய்யுள் செய்வார்க்குத் துணையாவது. அரி என்னும் சொல்லைக் கண்டு திகைத்த சிறுவன், அது திருமாலா, சிங்கமா என்று வினவ ஆசிரியர் வீட்டு வாயிலிற் காத்திருக்க வேண்டுவதில்லை. ஏட்டைப் புரட்டினாற் போதும். நம் சங்கத்தார் ஆண்டுதோறும் மதிப்பெண்ணுக்கு வழங்கும் வெள்ளிக் கிண்ணத்திற்குப் பதிலாக ஒரு நல்ல அகராதியை வழங்கலாகாதா என்பது நமது விண்ணப்பம்.

எழுத்திலும் அவர் கருத்துச் சென்றது. பனையோலையிற் புள்ளியிடுதல் அரிதாகலின், எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வேற்றுமை தோன்றாதிருந்தது. கொடு என்பதும் கோடு என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே கிடக்கும். ஆசிரியன் அருகிருந்தால் இடமறிந்து சொல்லித் தருவான்; தனித்துப் படிப்பவன் இடறுவான். முனிவர் கொம்பின் தலையை வளைத்து நெடிலை வேறாக்கினார். இன்று நம் குழந்தைகள் எழுதும் இரட்டைக் கொம்பு அவ்வழி வந்ததேயாம்.

பரமார்த்த குருவின் கதையை அறியாதார் யாவர்? ஆறு உறங்குகின்றதா விழித்திருக்கின்றதா என்று கொள்ளிக்கட்டையால் நீரைத் தொட்டுப் பார்ப்பதும், பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று வாங்குவதும், தம்மை விட்டுவிட்டுப் பிறரை எண்ணி ஒருவர் குறைந்தாரென்று அழுவதும் சிரிப்பை விளைப்பன. தமிழ்ப் பேச்சுவழக்கைப் பயிலும் ஐரோப்பியர்க்கென்றே முனிவர் அதனை எழுதி இலத்தீன் மொழிபெயர்ப்பையும் உடன் சேர்த்தார். குரு சொன்னதைச் சோதியாமல் ஏற்கும் சீடர்களைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளை, தான் கேட்டதைத் தானே ஆராயத் தொடங்கும் என்பது நம் கருத்து. 1822இல் அது ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சாயிற்று.

லுத்தேரன் சபையாரை மறுத்து அவர் எழுதியவற்றின் கடுமொழி நமக்கு உவப்பன்று. எனினும் இலத்தீனில் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் தரங்கம்பாடியில் அச்சிட்டவர் அந்த லுத்தேரன் சபையாரே என்பது வியப்பிற்குரியது! சமயப் போர் ஒருபுறமிருக்க, கருவி நன்றாயிருந்தமையால் எதிரியும் அதனைக் கைக்கொண்டார்.

முனிவர் 1747ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 4ஆம் தேதி மலையாள நாட்டு அம்பழக்காட்டில் காலமானார். அவர் ஓலையில் எழுதிவைத்த சதுரகராதி, அவர் மறைந்து 77 ஆண்டுகள் சென்றபின், 1824இல் சென்னையில் அச்சேறிற்று. சென்னைக் கடற்கரையில் அவருடைய சிலை 1968இல் நிறுவப்பட்டது.