ஹெலன் கெல்லர் டாக்ஸியில் தொலைத்த கடிகாரம்



இரவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரை உள்ள அந்த இருட்டில் மணி பார்க்க முயன்றிருக்கிறீர்களா? செல்போன் கைக்கு அகப்படாவிட்டால் திண்டாட்டம்தான். ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் அந்த இருட்டிலேயே இருந்து, கூடவே காதும் கேட்காமல், நேரம் தவறாமல் உலகம் சுற்றிய ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன்.

ஹெலன் கெல்லரை உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலும் படித்திருப்பீர்கள். 1880 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்ற ஊரில் பிறந்தார். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் பார்வையும் போயிற்று, செவியும் போயிற்று. 1887 மார்ச்சில் ஆன் சல்லிவன் என்ற 20 வயது ஆசிரியை வந்து சேர்ந்தார். அவருக்கும் பார்வை சரியில்லை. ஏப்ரல் 5 அன்று, தண்ணீர்க் குழாயடியில் ஒரு கையில் தண்ணீர் விழ, மறு கையில் ஆசிரியை எழுத்து எழுத்தாக விரலால் எழுத, பொருள்களுக்குப் பெயர் உண்டு என்று அந்தக் குழந்தைக்குப் புரிந்தது. இது எல்லாரும் அறிந்த கதை. நான் சொல்ல வந்தது ஒரு கடிகாரத்தின் கதை.

1892இல் ஹெலன், ஜான் ஹிட்ஸ் என்ற பெரியவரைச் சந்தித்தார். வாஷிங்டனில் காது கேளாதோருக்கான வோல்ட்டா பீரோவின் கண்காணிப்பாளர் அவர். அதற்கு முன் தூதரக உத்தியோகம். அவரிடம் சுவிட்சர்லாந்தில் செய்த தொடு கடிகாரம் ஒன்று இருந்தது. சட்டைப் பையில் வைக்கும் ரகம். விளிம்பைச் சுற்றி மணிக்கு ஒன்றாகச் சிறு குமிழ்கள், நடுவே சுழலும் ஒரு முள். அந்த முள் எந்த இரண்டு குமிழ்களுக்கு நடுவில் வந்து நிற்கிறது என்று தடவிப் பார்த்தால் மணியும் தெரியும், உத்தேசமாக நிமிடமும் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், கண் தெரிந்தவர்களும் அதை விரும்பி வைத்திருந்தார்கள். விருந்தாளி பேசிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பது மரியாதை இல்லையே! தூதரகக்காரர்கள் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். செயலாளர் மன்னிப்பாராக.

அந்தக் கடிகாரத்தை ஹிட்ஸ் ஹெலனுக்கே கொடுத்துவிட்டார். அதன் பின் ஹெலன் 1903இல் சுயசரிதை வெளியிட்டார். 1904இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். கண்ணும் காதும் இல்லாத ஒருவர் பி.ஏ. முடித்தது அதுவே முதல் முறை. பார்வையற்றோருக்காக ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். ஹிட்ஸும் காலமானார், 1936இல் ஆன் சல்லிவனும் காலமானார். கடிகாரம் மட்டும் கூடவே இருந்தது.

1952இல் நியூயார்க்கில் ஒரு டாக்ஸியில் அதை மறந்து வைத்துவிட்டார். அப்போது அவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. இனி கிடைக்காது என்றே கலங்கினார். செய்தித்தாள்களில் காணவில்லை என்று விளம்பரம் கொடுத்தார்கள். நகரத்து அடகுக் கடைக்காரர்களின் தலைவரும் தேடலில் இறங்கினார். கடைசியில் ஓர் அடகுக் கடையிலிருந்தே அது மீண்டது.

இந்த இடத்தில் எனக்கு என் உத்தியோகம் நினைவுக்கு வருகிறது. வங்கியில் நகைக்கடன் பிரிவில் ஆறு வருடம் உட்கார்ந்தவன் நான். எடை, மாற்று, அன்றைய விலை, இவ்வளவுதான் எங்கள் கணக்கு. அந்தப் பொருள் யார் கையில் எத்தனை வருடம் இருந்தது என்று தராசு கேட்பதில்லை. எங்கள் கிளைக்கு வரும் பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர், கைக்கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து, மேடாக இருக்கும் புள்ளிகளையும் முள்ளையும் விரலால் தொட்டுவிட்டு, கவுண்டர் மூட இன்னும் ஐந்து நிமிடம் இருப்பதாக எனக்கே சொல்வார். அவர் சொன்னது ஒருநாளும் தவறியதில்லை. நான்தான் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

தொலைத்த கடிகாரம் திரும்பி வந்த மூன்றாம் வருடம், 1955இல், ஹெலன் ஆசியப் பயணம் கிளம்பினார். இந்தியாவுக்கும் வந்தார், நேருவைச் சந்தித்தார். 1968 ஜூன் 1 அன்று, 88 வயது முடிய சில வாரங்களே இருக்கும்போது மறைந்தார். அவருடைய அஸ்தி வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் ஆன் சல்லிவனின் அஸ்திக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டது. கடிகாரம் அதே ஊரில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் நம் பிளாக்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வாஷிங்டன் பக்கம் போனால் மறக்காமல் விசாரித்துப் பாருங்கள்.