டேல் கார்னகி: தான் இல்லாமலும் நடக்கும் வகுப்பைக் கட்டியவர்



வைவாவில் நாக்கு ஒட்டிக்கொள்ளாத ஆள் நம்மில் யாராவது உண்டா? லேத் முன்னால் நிற்கும்போது கை தன்னால் வேலை செய்கிறது. சர்க்யூட் போட்டால் முதல் தடவையே விளக்கு எரிகிறது. ஆனால் எதிரே எக்ஸ்டர்னல் வந்து உட்கார்ந்து, ஏம்ப்பா இப்படிச் செய்தாய் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், தெரிந்ததெல்லாம் மறந்து போகிறது! இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. அவையஞ்சாமை என்று 10 குறளுக்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார் வள்ளுவர். படித்தவனுக்கும் சபையைக் கண்டால் பயம் என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி.

இந்தப் பயத்துக்கு மருந்து கொடுப்பதையே தொழிலாக்கி, அந்தத் தொழிலைக் கடல் கடந்தும் நடத்திக் காட்டிய ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் டேல் கார்னகி. இரும்பு ஆலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இருவருக்கும் உறவு கிடையாது. நம்மவரின் குடும்பப் பெயருக்கு முதலில் வேறு எழுத்துக்கூட்டல் இருந்தது. பிற்பாடுதான் பணக்கார கார்னகியின் எழுத்துக்கூட்டலுக்கு மாற்றிக்கொண்டார். ஆள் விவரமானவர்தான்!

குதிரைச் சவாரி மாணவன்

1888 நவம்பர் 24 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மேரிவில் என்ற ஊர்ப்பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 102 என்ற எண்ணையே பெயராகக் கொண்ட ஓர் ஆறு அங்கே ஓடுகிறது. அது கரை புரளும் வருஷமெல்லாம் சோளம் போச்சு, வைக்கோல் போச்சு. வளர்த்த பன்றிகளைக் காலரா கொண்டு போனது. அப்பாவுக்குக் கடன் மேல் கடன்.

பின்னர் குடும்பம் வாரன்ஸ்பர்க் என்ற ஊருக்கு மாறியது. அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. டவுனில் தங்கிப் படிக்க வசதி இல்லாததால் தினமும் பண்ணையிலிருந்து குதிரையில் போய் வந்தார் டேல். காலையிலும் மாலையிலும் மாடு கறக்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும். போட்டிருந்த கோட்டு இறுக்கம், கால்சட்டை குட்டை. நாலு பேர் மத்தியில் நிற்கவே கூச்சம்.

கல்லூரியில் இரண்டு வகை மாணவர்களுக்குத்தான் மதிப்பு என்று அவர் கண்டுகொண்டார்: ஒன்று விளையாட்டு வீரர்கள், மற்றொன்று பேச்சுப் போட்டியில் ஜெயிப்பவர்கள். விளையாட்டுக்கு உடம்பு ஒத்துழைக்காது. எனவே பேச்சுப் போட்டியில் இறங்கினார். இறங்கியதும் ஜெயித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஏறக்குறைய ஒரு டஜன் போட்டிகளில் வரிசையாகத் தோல்வி! குதிரை மேல் போகும்போதும் மாடு கறக்கும்போதும் பேசிப் பேசிப் பழகி, பிறகுதான் வெற்றி வந்தது. அதன்பின் மற்ற மாணவர்கள் அவரிடம் பயிற்சிக்கு வந்தார்கள், அவர்களும் ஜெயித்தார்கள். தான் பேசுவது ஒரு திறமை, அடுத்தவனைப் பேச வைப்பது வேறொரு திறமை. அந்த இரண்டாவது திறமைதான் பின்னாளில் அவருக்குச் சோறு போட்டது.

லைன்மேனுக்கு விற்ற பாடம்

1908-ல் பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டு வெளியே வந்தார். கிடைத்த முதல் வேலை நமக்கு ரொம்ப நெருக்கமான வேலை. ஸ்க்ராண்டன் நகரின் இண்டர்நேஷனல் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூல்ஸ், தொழிலாளர்களுக்குத் தபால் வழியாகத் தொழில்நுட்பப் பாடம் நடத்திய நிறுவனம். அதன் பாடங்களை நெப்ராஸ்கா மாநிலத்தில் ஊர் ஊராய்ப் போய் விற்க வேண்டும். கேட்க ஆளில்லை. கடைசியில் மின்கம்பத்தின் மேல் வேலையாக இருந்த ஒரு லைன்மேனைப் பிடித்து, எலக்ட்ரிகல் என்ஜினீயரிங் பாடம் ஒன்றை விற்றார். அவ்வளவுதான் வியாபாரம்!

அடுத்து ஆர்மர் கம்பெனியில் பன்றி இறைச்சி, சோப்பு, கொழுப்பு விற்கும் வேலை. சரக்கு ரயிலில் ஏறி ஊர் ஊராகப் போனார். ஒரு கடைக்காரரிடம் கொடுக்கப் பணம் இல்லையென்றால் அவர் கடையிலிருந்து ஒரு டஜன் செருப்பை எடுத்துக்கொள்வார். அவற்றை ரயில்வே ஆட்களிடம் விற்று, அந்தப் பணத்தைக் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார். சவுத் ஒமாஹாவிலிருந்து கிளம்பிய விற்பனை வழிகளில் 25-வது இடத்தில் கிடந்த அவருடைய வழி முதலிடத்துக்கு வந்தது. பதவி உயர்வு தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சேர்த்த காசோடு 1911-ல் நியூயார்க் போய் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். ஒரு நாடகக் குழுவோடு சுற்றிப் பார்த்ததில் நடிப்பு நமக்குச் சரிவராது என்று தெரிந்தது. பிறகு பேக்கார்டு லாரி விற்பனை. தங்கியது கரப்பான் பூச்சி மொய்க்கும் அறையில்.

இரண்டு டாலர் மறுக்கப்பட்ட கதை

1912-ல் ஒரு முடிவெடுத்தார். பகலில் படிக்க எழுத, ராத்திரியில் பாடம் நடத்த. நியூயார்க் 125-வது தெருவிலிருந்த ஒய்.எம்.சி.ஏ.வில் மேடைப்பேச்சு வகுப்பு நடத்த அனுமதி கேட்டார். ஒரு இரவுக்கு 2 டாலர் சம்பளம் கேட்க, அதைக் கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. கூட்டம் சேருமோ சேராதோ என்ற சந்தேகம். சரி, வருகிற லாபத்தில் பங்கு கொடுங்கள் என்று ஒப்பந்தம் போட்டார். மூன்று வருஷத்துக்குள் அதே பங்குக் கணக்கில் ஒரு இரவுக்கு 30 டாலர் கிடைத்தது!

ஆரம்ப நாட்களில் நடந்த ஒரு சங்கதி மிக முக்கியம். வகுப்பில் கொண்டுவந்த சரக்கு தீர்ந்துபோனது. நேரம் மட்டும் மிச்சம். என்ன செய்வது? பின் வரிசையிலிருந்த ஒருவரை எழுப்பி, ஏதாவது பேசச் சொன்னார். பிறகு, உங்களுக்குக் கோபம் வந்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். அவ்வளவுதான், ஜனங்கள் பயத்தை மறந்து பேச ஆரம்பித்தார்கள். சொந்த அனுபவத்தைப் பேசும்போது யாருக்கும் வார்த்தை தட்டுவதில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. அன்று முதல் அவர் வகுப்பில் வாத்தியார் பேசுவது குறைவு. மாணவர் பேசுவதுதான் பாடம். நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர் என்று வகுப்புகள் பரவின.

லண்டனில் வெற்றி, வெளியூரில் அடி

முதல் உலகப் போரில் ராணுவ முகாம் வேலை முடிந்து வந்தவரை 1919-ல் லவல் தாமஸ் என்ற பத்திரிகையாளர் கூப்பிட்டார். பாலஸ்தீனப் போர்முனையில் ஜெனரல் ஆலன்பியையும், அரேபியாவின் லாரன்ஸ் என்று பின்னால் புகழ்பெற்றவரையும் நேரில் பார்த்துப் படமெடுத்து வந்தவர் தாமஸ். திரையில் படம் ஓட, மேடையில் அவர் நின்று கதை சொல்வார். இந்த நிகழ்ச்சியை லண்டனில் நடத்த அழைப்பு வந்தது. பேச்சைச் செப்பனிட்டுக் கொடுக்கவும் நிர்வாகம் பார்க்கவும் கார்னகி கூடவே கப்பலேறினார்.

1919 ஆகஸ்டில் லண்டன் கோவென்ட் கார்டன் ராயல் ஆபரா ஹவுஸில் முதல் நாள். ராணுவ பேண்டு வாத்தியம், நைல் நதி செட், நடனம், படம், பேச்சு என்று அமர்க்களம்! கூட்டம் தாங்கவில்லை. ஆபரா ஹவுஸ் போதாமல் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு மாறினார்கள். மாதக்கணக்கில் ஓடியது.

இவ்வளவு கூட்டம் வருகிறதே, ஒரே நேரத்தில் பல ஊர்களில் நடத்தினால் என்ன என்ற யோசனை வந்தது. தாமஸ் வேறு தேசங்களுக்குப் புறப்பட, அதே படம், அதே பேச்சு, ஆனால் பேசுவது வேறு ஆள் என்று குழுக்களைத் தயார் செய்து பிரிட்டனின் மற்ற ஊர்களிலும் கனடாவிலும் நடத்தும் பொறுப்பு கார்னகி தலையில் விழுந்தது. ஜனங்கள் வரவில்லை. பார்க்க வேண்டியது போர்முனைக்குப் போய் வந்த தாமஸை. அவர் இல்லாமல் அந்தப் பேச்சைக் கேட்க யார் காசு கொடுப்பார்கள்? நஷ்டம். கார்னகி மனமொடிந்து போனார்.

அதன்பின் சில வருஷம் ஐரோப்பாவில் தங்கி ஒரு நாவல் எழுதினார். பதிப்பகத்தார் யாரும் ஏற்கவில்லை. எழுத்தாளர் கனவை மூட்டை கட்டிவிட்டு மறுபடி வகுப்புக்கே வந்தார். லண்டனிலும் பாரிஸிலும் கூட பேச்சு வகுப்பு நடத்தியிருக்கிறார்.

என்ஜினீயர்கள் வந்த வகுப்பு

நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. பிலடெல்பியா என்ஜினீயர்கள் கிளப்பிலும், அமெரிக்க எலக்ட்ரிகல் என்ஜினீயர்கள் சங்கத்தின் நியூயார்க் கிளையிலும் வருஷா வருஷம் அவர் வகுப்பு நடத்தினார். மொத்தத்தில் 1,500-க்கும் மேற்பட்ட என்ஜினீயர்கள் அவரிடம் படித்திருப்பார்கள் என்பது அவரே போட்ட கணக்கு. தொழில் தெரிந்தவர்கள் ஏன் வந்தார்கள்? ஒரே மாதிரி தொழில் தெரிந்த இருவரில், செய்ததை எடுத்துச் சொல்லத் தெரிந்தவனும் ஆட்களை அனுசரித்து வேலை வாங்கத் தெரிந்தவனும்தான் மேலே போகிறான் என்று கண்கூடாகப் பார்த்ததால் வந்தார்கள்.

1934-ல் அந்த 14 வார வகுப்பில் லியான் ஷிம்கின் என்பவர் மாணவராக உட்கார்ந்திருந்தார். அவர் சைமன் அண்ட் ஷுஸ்டர் பதிப்பகத்துக்காரர். இதைப் புத்தகமாக்குங்கள் என்று விடாமல் வற்புறுத்தினார். 1936-ல் வந்தது ஹௌ டு வின் ஃபிரண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளூயன்ஸ் பீப்பிள். ஒரே வருஷத்தில் 17 பதிப்பு! இன்றுவரை 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. நம்மூர் பிளாட்பாரப் புத்தகக் கடைகளிலும் தென்படுகிற புத்தகம்.

பழைய தோல்வி சொல்லிக்கொடுத்த பாடம்

புத்தகம் வந்ததும் ஊர் ஊராக வகுப்பு கேட்டார்கள். ஒரு மனிதர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? 1920-ல் அடிபட்ட அதே கேள்வி மறுபடி எதிரே வந்து நின்றது. இந்தத் தடவை பதில் தயாராக இருந்தது.

என்ன வித்தியாசம் என்று பாருங்கள். தாமஸ் நிகழ்ச்சியில் ஜனங்கள் பார்க்க வந்தது மேடையில் நிற்பவரை. கார்னகி வகுப்பில் ஜனங்கள் வந்தது தாங்கள் மேடையில் நிற்பதற்கு. வாரா வாரம் ஒவ்வொருவரும் எழுந்து சுமார் இரண்டு நிமிஷம் பேச வேண்டும். பயிற்றுநர் தப்பைக் கிண்டிக் கிளறாமல் தைரியம் கொடுத்துத் திருத்துவார். யார் நன்றாகப் பேசினார் என்று வகுப்பே ஓட்டுப் போடும். பரிசு ஒரு பென்சில்! இதற்குக் கார்னகி நேரில் வரவேண்டிய அவசியம் என்ன? முறை தெரிந்த பயிற்றுநர் போதும். அந்தப் பயிற்றுநர்களும் இதே வகுப்பில் படித்துத் தேறியவர்கள்.

1940-களில் ஊருக்கு ஊர் உரிமம் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. உரிமம் எடுத்தவர் உள்ளூரில் ஆள் சேர்த்து வகுப்பு நடத்துவார். கட்டணத்தில் ஒரு பங்கு தலைமையிடத்துக்குப் போகும். பாடமும் பயிற்றுநர் தகுதியும் எல்லா ஊரிலும் ஒன்று. 1944-ல் அவரை மணந்த டாரதி நிர்வாகத்தில் கெட்டிக்காரர். 1945-ல் நிறுவனம் முறைப்படி பதிவானது. 1955 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் கார்னகி காலமானபோது சுமார் 4,50,000 பேர் அந்த வகுப்பில் தேறியிருந்தார்கள். அமெரிக்காவில் சுமார் 750 ஊர்களிலும், வெளிநாடுகள் 15-லும் அது நடந்துகொண்டிருந்தது.

தலைவர் போனால் கடையைச் சாத்துவதுதானே வழக்கம்? இங்கே அப்படி ஆகவில்லை. டாரதி பொறுப்பேற்று நடத்தினார். இன்றைக்கு அந்தப் பயிற்சி சுமார் 80 நாடுகளில் நடக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் பேசப் பயந்த ஓர் இளைஞர் 100 டாலர் கட்டிச் சேர்ந்தார். அவர்தான் உலகப் பணக்காரர்களில் ஒருவரான வாரன் பஃபெட். கல்லூரிப் பட்டத்தை மாட்டாமல் இந்த வகுப்பின் சான்றிதழைத்தான் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார்!

குறை சொன்னவர்களும் உண்டு. சிரிக்கச் சொல்லி, புகழச் சொல்லி, காரியம் சாதிக்கச் சொல்லித் தருகிறார் என்று நாவலாசிரியர் சின்க்ளேர் லூயிஸ் முதலானோர் கேலி செய்தார்கள். முகஸ்துதி வேறு, மனசார மெச்சுவது வேறு என்றே கார்னகி கடைசிவரை வாதாடினார். அந்தக் கேலியில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. பேச்சு மட்டும் இருந்து கையில் வேலை இல்லையென்றால் அது வெறும் வாய்ச் சவடால். ஆனால் கையில் வேலை இருந்தும் வாய் திறக்காவிட்டால்? டிப்ளமோதானே என்று எடைபோடுகிறவன் முன்னால் நம் வேலைக்கு நாம்தானே சாட்சி சொல்ல வேண்டும்!

தொழில் தொடங்க நினைக்கும் நண்பர்களுக்கும் இந்த வாழ்க்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. நான் இருந்தால்தான் நடக்கும் என்கிற ஒர்க்‌ஷாப் ஒரு தெருவுக்கு மேல் போகாது. நான் செய்வதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து, அவரும் அதே தரத்தில் செய்ய முடிகிறபோதுதான் தொழில் ஊர் தாண்டும், கடல் தாண்டும்.

நமக்கு 100 டாலரும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். ஹாஸ்டலில் ஒரு அறை, பத்து பேர், வாரத்தில் ஒரு சாயங்காலம். ஆளுக்கு இரண்டு நிமிஷம். அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் என்ன செய்தோம், எது சொதப்பியது, எப்படிச் சரி செய்தோம் என்பதை எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சட்டம்: யாரும் சிரிக்கக் கூடாது. பரிசுக்கு ஒரு பென்சில் போதும். சீனியர்கள் படிப்பு முடித்துப் போன பிறகும் ஜூனியர்கள் அதைத் தொடர்ந்து நடத்தினால், கார்னகி கண்டுபிடித்த ரகசியம் நம் கைக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம்.