இராமானுஜன் படித்த பாடங்களும் விட்ட பாடங்களும்

ஆண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் நம் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்று உண்டு. பிடித்த பாடத்தை மட்டும் படித்தால் போதாதா? பிடிக்காத பாடத்தையும் எதற்காகத் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டும்? கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவளுக்கு வரலாறு எட்டிக்காயாய்க் கசக்கிறது. தமிழில் முதலாக வருகிறவளுக்கு அறிவியல் என்றாலே தலை சுற்றுகிறது. இந்தக் கேள்விக்கு வாழ்ந்தே விடை கண்ட ஒருவர் நம் தஞ்சைத் தரணியில் இருந்தார். அவர்தாம் கணித மேதை சீனிவாச இராமானுஜன். உலகம் போற்றும் அவர் கல்லூரித் தேர்வில் தோற்றவர் என்பதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தத் தோல்வி எப்படி வந்தது, அதனால் அவர் எதை இழந்தார் என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தால், மாணவியராகிய நமக்கு அதில் பாடம் நிறைய இருக்கிறது.

பிறப்பும் இளமையும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள், தம் அன்னையின் பிறந்தகமான ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். காவிரியும் அரசலாறும் இருபுறமும் ஓட, வயல்களும் கோயில்களும் சூழ்ந்த அவ்வூரில், சாரங்கபாணி கோயில் சன்னதித் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீடு அவர்களுடையது. தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கு எழுதியவர். வருமானம் குறைவு. அன்னை கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்து உணவளித்து, அதில் வந்த சிறு தொகையையும் குடும்பத்துக்குச் சேர்த்தார்.

சிறுவன் இராமானுஜன் எல்லாப் பாடங்களிலும் கெட்டிக்காரன். 1897ஆம் ஆண்டு நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் ஆங்கிலம், தமிழ், புவியியல், கணக்கு ஆகியவற்றை எழுதித் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினான். இதை நாம் மறந்துவிடக் கூடாது. பிற பாடங்கள் அவனுக்கு வராமல் போகவில்லை. பின்னாளில் அவன்தான் அவற்றை விட்டு விலகினான்.

அடுத்த ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் கணக்குக் கேட்டுக் கேட்டு, சில மாதங்களில் அவர்களுக்குத் தெரிந்ததை எல்லாம் கற்றுவிட்டான். அவர்கள் வாங்கித் தந்த லோனியின் திரிகோணமிதி நூலைப் பதின்மூன்று வயதுக்குள் படித்து முடித்தான். ஏறத்தாழ 1200 மாணவர்களையும் 35 ஆசிரியர்களையும் வகுப்புகளுக்குப் பங்கிட்டு அட்டவணை போடும் வேலையில், கணித ஆசிரியர் இந்த மாணவனின் உதவியை நாடினார். 1904இல் பள்ளியை விட்டபோது கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்குக் கிடைத்தது.

தேர்வுக்கான நூல் ஒன்று

இதற்குச் சற்று முன்னர், 1903இல், நண்பர் ஒருவர் மூலம் ஒரு நூல் அவர் கைக்கு வந்தது. ஜார்ஜ் கார் என்பவர் தொகுத்த அந்நூலில் ஏறத்தாழ 5000 கணித முடிவுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. கார் பெரிய கணித அறிஞர் அல்லர். இலண்டனில் மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி அளித்து வந்த ஆசிரியர். தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் நினைவுபடுத்திக்கொள்ள உதவுமாறு அதைத் தொகுத்திருந்தார். நம் காலத்து வழிகாட்டி நூல் போன்றது என்று சொல்லலாம். முடிவு இருக்கும், அதை எட்டிய வழி பெரும்பாலும் இருக்காது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? வரிக்கு வரி மனப்பாடம் செய்திருப்போம். இராமானுஜன் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு வரியையும் ஒரு கணக்காக எடுத்துக்கொண்டு, இது ஏன் உண்மை என்று தாமே கண்டறிய முற்பட்டார். ஒன்றைக் கண்டறியும்போது நூலில் இல்லாத வேறு பலவும் அவருக்குப் புலப்பட்டன. மனப்பாடத்துக்கென்று எழுந்த நூல் ஒரு மேதையை எழுப்பிவிட்டது. படிக்கிறவர் எப்படிப் படிக்கிறார் என்பதுதான் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கல்லூரியில் வந்த இடர்

1904இல் காவிரிக் கரையிலுள்ள கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். பள்ளியிறுதிக்குப் பின் ஈராண்டு படிக்கும் படிப்பு அது. கணிதத்துடன் ஆங்கிலம், வடமொழி, உடலியல், கிரேக்க உரோமானிய வரலாறு ஆகியவற்றையும் படிக்க வேண்டும். எல்லாவற்றிலும் தேறினால்தான் தேர்ச்சி. இராமானுஜனோ எந்த வகுப்பில் அமர்ந்திருந்தாலும் கணக்கே போட்டுக்கொண்டிருந்தார். விளைவு, ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார்; உதவித்தொகை பறிபோனது. ஏழைக் குடும்பத்தால் கல்லூரிச் சம்பளம் கட்ட இயலவில்லை. 1905இல் அவர் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை சென்றுவிட்டார்.

1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் சேர்ந்தார். அங்கே உடலியல் அவருக்குப் பெருந்தடையாக வந்தது. உயிரினங்களை அறுத்துப் பார்க்கும் பாடம் அவருக்கு அருவருப்பைத் தந்தது. 1906இலும் 1907இலும் எழுதிய எப்.ஏ. தேர்வுகளில் தோற்றார். பட்டம் என்னும் கதவு அவருக்கு அடைபட்டுப் போயிற்று.

பின்வந்த ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. தாள் விலை கட்டாததால் பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். இங்கே நாம் வியக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தேர்வுக்குப் படித்ததைத் திரும்பப் பார்க்காத அவர், தம் குறிப்பேட்டை மட்டும் மீண்டும் மீண்டும் பார்த்தார். முதல் குறிப்பேட்டில் இருந்ததைத் திருத்தி, விரித்து, இயல்களாக வகுத்து இரண்டாம் குறிப்பேட்டில் எழுதினார். அன்பு கொண்ட பாடத்தைத் திரும்பப் படிப்பது யாருக்கும் சுமையாவதில்லை.

உயர்வு

1909இல் ஜானகி என்னும் பத்து வயதுச் சிறுமியை அவருக்கு மணம் முடித்தனர். வேலை தேடி அலைந்த அவருக்கு, இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயரும், நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவும் உதவினர். 1911இல் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அக்கழகத்தின் இதழில் வெளிவந்தது. முடிவுகள் சரியாக இருந்தும், பிறருக்கு விளங்கும்படி எழுதப்படாமையால், அச்சேறுமுன் அதைப் பலமுறை திருத்த வேண்டியிருந்தது. எண்ணியதைத் தெளிவாக எடுத்துரைக்கும் பயிற்சியின் அருமை அப்போது அவருக்குத் தெரிந்திருக்கும்.

1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் முடிவுகளைக் கடிதமாக எழுதி அனுப்பினார். ஹார்டி அவற்றின் அருமையை உணர்ந்தார். அதே ஆண்டு மே மாதத்தில், இருமுறை அவரைத் தேர்ச்சியில்லை என்று சொன்ன சென்னைப் பல்கலைக்கழகமே, பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் புதிய சிக்கல் எழுந்தது. எவரும் காணாத உண்மைகளைக் கண்ட இராமானுஜனுக்கு, கணிதத்தில் மற்றவர் எளிதாக அறிந்திருந்த சில பகுதிகள் தெரியவில்லை. நிறுவிக் காட்டும் முறையிலும் பழக்கம் போதவில்லை. பகா எண்களைப் பற்றி அவர் கண்டதாக எண்ணிய சில முடிவுகள் இதனாலேயே பிழையாயின. அவரை முதலிலிருந்து முறைப்படி படிக்கச் சொன்னால் அவருடைய ஊற்றே வற்றிவிடுமோ என்று ஹார்டி அஞ்சினார். அதே சமயம் ஒன்றும் சொல்லித் தராமலும் இருக்க முடியவில்லை. பக்குவமாகக் கற்பித்தார், தாமும் அவரிடம் கற்றார்.

வகுத்திகள் மிகுந்த எண்களைப் பற்றிய ஆய்வுக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது. 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் இல்லை. இத்தகைய எண்களைத்தான் அவர் ஆராய்ந்தார். 1918இல் இராயல் சங்கத்தின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மறைவும் புகழும்

போர்க்காலம், குளிர், ஒவ்வாத உணவு ஆகியவற்றுக்கிடையே அவர் நோயுற்றார். 1919இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அப்போது வயது 32. உடல் நலிந்த அந்த இறுதி ஆண்டிலும் அவர் புதிய கணிதம் படைத்தார். படுக்கையருகே இருந்து பணிவிடை செய்தவர் ஜானகி அம்மையார். கணவர் எழுதிய தாள்களை அவர் பத்திரமாகச் சேர்த்து வைத்தார்.

அந்த அம்மையாரையும் நாம் நினைக்க வேண்டும். இருபது வயதைக் கடந்ததும் கைம்பெண்ணான அவர், தையல் கற்றார். சென்னைத் திருவல்லிக்கேணியில் பல ஆண்டுகள் தையல் வேலை செய்து தம் காலில் நின்றார். 1994ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். கல்லூரி வாசலை மிதிக்கும் வாய்ப்பு அவர் தலைமுறைப் பெண்களில் மிகச் சிலருக்கே இருந்தது. நமக்கு அது கிடைத்திருக்கிறது.

இராமானுஜனின் இறுதிக்காலத் தாள்கள் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்து 1976இல் வெளிப்பட்டன. அவர் குறிப்பேடுகளில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளை நிறுவிப் பதிப்பிக்கும் பணி, பிற்காலக் கணித அறிஞர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தது. 2012 முதல் அவர் பிறந்தநாள் நம் நாட்டில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நாம் கற்க வேண்டியவை

இராமானுஜன் தேர்வில் தோற்றாரே, நாமும் தோற்றால் என்ன என்று சொல்வது எளிது. ஆனால் அவருடைய அருமையான இளமை ஆண்டுகள் பல, வழிகாட்டுவாரின்றி வீணாயின என்று ஹார்டியே பின்னாளில் வருந்தினார். பிற பாடங்களை விட்டதால் உதவித்தொகை போயிற்று. அதனால் ஆசிரியர், நூலகம், நண்பர் வட்டம் எல்லாம் போயின. அதே வேளையில், ஒரு தாளில் தவறியவனுக்கு வேறு வழியே வைக்காத அன்றைய முறையையும் நாம் குறை கூறாமல் இருக்க முடியாது. பிழை மாணவனிடம் மட்டும் இல்லை.

ஆகவே தோழியரே, தேர்வில் தவறிய ஒருத்தியை நாம் இகழ வேண்டாம். அவளுக்குள் என்ன இருக்கிறதோ நாம் அறியோம். பிடித்த பாடத்தை இராமானுஜனைப் போல் ஏன், எப்படி என்று கேட்டுப் படிப்போம். பிடிக்காத பாடத்துக்கும் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஒதுக்குவோம். பிடித்த பாடத்தைத் தொடர்ந்து படிக்க நமக்கு இடம் வாங்கித் தருவது பல வேளைகளில் அந்தப் பிடிக்காத பாடம்தான்.