பனிக்கடல் கண்ட நான்சென்

உலகின் வடகோடியிலே பனிக்கட்டி மிதக்கும் கடல் ஒன்றுண்டு. அதனை ஆர்க்டிக் பெருங்கடல் என்பர். துருவத்தை அடுத்த பகுதிகளில் கோடையில் கதிரவன் மறைவதில்லை, குளிர்காலத்தில் தோன்றுவதில்லை. அங்கே ஸ்வால்பார்டு என்னும் தீவுக்கூட்டத்தில் 2008ஆம் ஆண்டு நம் நாடு ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தை நிறுவியது. இத்தகைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய முன்னோருள் ஒருவர் பிரிட்யாப் நான்சென்.

நான்சென் 1861ஆம் ஆண்டு நார்வே நாட்டிற் பிறந்தார், விலங்கியல் பயின்றார். 1882இல் வேட்டைக் கப்பல் ஒன்றில் சென்று, கடல்நாய்களையும் வெண்கரடிகளையும் நேரிற் கண்டார். 1888இல் தோழர் ஐவருடன் கிரீன்லாந்தின் பனிவெளியைக் குறுக்கே கடந்தார்.

1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நொறுங்கி மூழ்கிய கப்பலொன்றின் பொருள்கள், மூன்றாண்டுகளுக்குப்பின் கிரீன்லாந்துக் கரையருகே காணப்பட்டன. அதனால், பனிக்கட்டி ஓரிடத்தில் நில்லாது நகர்கின்றது என நான்சென் உய்த்துணர்ந்தார். கப்பலைப் பனியில் உறையவிட்டால், பனியே அதனைத் துருவத்தருகே கொண்டு செல்லும் என்று எண்ணினார். அறிஞர் பலர் இதனை மறுத்தனர், அவர் தளர்ந்திலர். பனி நெருக்குங்கால் மேலெழும்புமாறு, உருண்ட அடிப்பாகமுடைய பிராம் என்னும் கப்பலைக் கட்டுவித்து, 1893இல் பன்னிருவருடன் புறப்பட்டார்.

பனி கப்பலை இறுக்கியது; கப்பலோ நொறுங்காது மேலெழுந்தது. ஆயினும், அது துருவத்தை அடையாது என்பது புலனாயிற்று. ஆகவே 1895 மார்ச்சுத் திங்களில் நான்சென், யோஹான்சென் என்னும் தோழருடன் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் வடக்கே சென்றார். ஏப்ரலில் இருவரும் 86 பாகையைக் கடந்தனர். அதுகாறும் எவரும் அத்துணை வடக்கே சென்றதில்லை. முன்னே பனிப்பாறைகள் குன்றுகளெனக் குவிந்து கிடந்தன. மேலும் சென்றால் உயிருடன் மீளுதல் அரிது. நான்சென் புகழை நாடாது திரும்பினார்.

வழியிற் குளிர்காலம் வந்துற்றது. ஆளில்லாத தீவொன்றில் கல்லாற் சுவரெழுப்பி, வால்ரஸ் என்னும் தந்தமுடைய கடல்விலங்கின் தோலைக் கூரையாக வேய்ந்து தங்கினர். கரடி இறைச்சியே உணவு. வால்ரஸ் கொழுப்பே விளக்கிற்கும் அடுப்பிற்கும் எரிபொருள். 1896இல் ஆங்கில ஆய்வுக் குழுவினரைக் கண்டு, அவர்தம் உதவியால் தாயகம் சேர்ந்தனர். பிராம் கப்பலும் அவ்வாண்டே மீண்டது. பதின்மூவருள் ஒருவரும் இறந்திலர்.

முதல் உலகப் போருக்குப்பின், சிறைப்பட்டிருந்த நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் தத்தம் நாடு திரும்ப நான்சென் துணைபுரிந்தார். நாடிழந்த அகதிகளுக்கு அவர் பெயரால் கடவுச்சீட்டுகள் வழங்கப்பெற்றன. 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1930இல் அவர் மறைந்தார்.

முன்னேறத் துணிவு வேண்டும். தக்க காலத்தில் திரும்புதற்கும் துணிவு வேண்டும். பனிவெளியில் வீடு திரும்பும் அருமையை உணர்ந்த அப்பெரியார், பிறரும் தம் வீடு சேரப் பாடுபட்டார். அவர் துருவத்தை எய்தவில்லை. எனினும் உலகத்தார் உள்ளத்தை எய்தினார்.